உரிமையும் பரிகாரமும்

(மனித உரிமை நாளையொட்டி மதுரையில் சட்ட மாணவர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1948ஆம் ஆண்டு டிசம்பரில் அடுத்தடுத்து வந்த இரண்டு நாட்களிலிருந்து தொடங்குகிறேன். டிசம்பர் 9 அன்று டெல்லியில் அரசியல் நிர்ணய சபை கூடியிருந்தது. அடிப்படை உரிமை பறிக்கப்பட்டால் குடிமகன் நேரே உச்ச நீதிமன்றத்தின் படியேறலாம் என்று சொல்லும் பிரிவு அன்று விவாதத்துக்கு வந்தது. வரைவில் அது 25ஆம் உறுப்பு. இன்று நீங்கள் 32ஆம் உறுப்பு என்று படிக்கிறீர்கள். அரசமைப்பிலேயே மிக முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன், அதன் உயிரும் இதயமும் இதுவே என்று டாக்டர் அம்பேத்கர் அன்று சபையில் சொன்னார். மறுநாள் டிசம்பர் 10. பாரிஸ் நகரில் ஐ.நா. பொதுச் சபை உலக மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. 48 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்து ஒரு வாக்கும் இல்லை. 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி நின்றன. ஆதரித்த 48இல் இந்தியாவும் ஒன்று.

இந்த இரண்டு பணிகளிலும் பங்கு கொண்ட ஒரு பெண்மணி உண்டு. ஹன்சா மேத்தா இங்கே அரசியல் நிர்ணய சபையின் உறுப்பினர், அங்கே ஐ.நா. மனித உரிமை ஆணையத்தில் இந்தியாவின் பிரதிநிதி. பிரகடனத்தின் முதல் விதி ஆண்களை மட்டும் சுட்டுவதுபோல் எழுதப்பட்டிருந்ததை, எல்லா மனிதர்களையும் சுட்டும்படி மாற்ற வைத்தவர் அவர். மனித உரிமை மேற்கு நாடுகளிலிருந்து நமக்கு இறக்குமதியான சரக்கு என்று யாராவது உங்களிடம் சொன்னால் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். அந்தப் பிரகடனத்தை எழுதிய கைகளில் நம் கையும் இருந்தது.

பாரிஸ் உரிமைகளை அறிவித்தது. டெல்லி அந்த உரிமை பறிபோனால் எந்தக் கதவைத் தட்டுவது என்று கேட்டது. நான் இன்று சொல்ல வந்தது இதுதான்: பரிகாரம் இல்லாத உரிமை, உரிமை ஆகாது. உலகம் அளவுகோலைத் தரலாம். அந்த அளவுகோலைக் கையில் எடுத்து, அடிபட்டவனுக்கு நீதி வழங்குவது அவனுடைய நாட்டின் சட்டமும் நீதிமன்றமும்தான். இந்தத் தொடர்பு எங்கே அறுந்துபோகிறதோ அங்கே மனிதர்கள் சாகிறார்கள். பெரும்பாலும் அது ஏதோ ஒரு காவல் நிலையத்தின் பின்னறையில்தான் அறுகிறது. ஆகவே, காவலில் வைக்கப்பட்ட மனிதனை முன்னிறுத்தியே இன்று பேசப் போகிறேன்.

உலகம் தரும் காப்பு

பிரகடனத்தில் 30 விதிகள். யாரையும் சித்திரவதை செய்யக் கூடாது என்கிறது 5ஆம் விதி. அதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். 8ஆம் விதியை அவ்வளவாக யாரும் கவனிப்பதில்லை. உரிமை மீறப்பட்டவருக்குத் தம் நாட்டு நீதிமன்றத்திலேயே பயனுள்ள பரிகாரம் கிடைக்க வேண்டும் என்பது அந்த விதி. டிசம்பர் 9ஆம் தேதி டெல்லி கேட்டதைத்தான் டிசம்பர் 10ஆம் தேதி பாரிஸும் சொன்னது.

பிரகடனம் ஓர் அறிவிப்பு. அது நாடுகளைச் சட்டப்படி கட்டவில்லை. கட்டும் ஒப்பந்தங்கள் 1966இல் வந்தன. குடிமை, அரசியல் உரிமைகளுக்கு ஓர் உடன்படிக்கை. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகளுக்கு இன்னோர் உடன்படிக்கை. இரண்டும் 1976இல் நடைமுறைக்கு வந்தன. இந்தியா 1979 ஏப்ரல் 10 அன்று இரண்டிலும் சேர்ந்தது. இன ஒதுக்கலுக்கு எதிராக, பெண்களுக்காக, குழந்தைகளுக்காக, மாற்றுத் திறனாளிகளுக்காகத் தனித்தனி உடன்படிக்கைகள் உள்ளன. அவற்றிலும் நாம் உறுப்பு நாடு.

இவற்றைக் கண்காணிப்பது எப்படி? ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஒரு நிபுணர் குழு உண்டு. உறுப்பு நாடுகள் குறித்த கால இடைவெளியில் அறிக்கை தர வேண்டும். குழு கேள்வி கேட்கும், குறைகளைச் சொல்லும். ஜெனீவாவில் 47 நாடுகள் அங்கம் வகிக்கும் மனித உரிமை மன்றம் 2006இல் அமைந்தது. ஐ.நா.வின் ஒவ்வொரு உறுப்பு நாட்டையும் மற்ற நாடுகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிரே அமர்த்தி விசாரிக்கும் சுற்று அங்கே நடக்கிறது. இந்தியா 2008, 2012, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் அந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறது.

பாதிக்கப்பட்ட தனிமனிதன் நேரே முறையிட முடியுமா? முடியும், அவனுடைய நாடு சம்மதித்திருந்தால். குடிமை உரிமை உடன்படிக்கையோடு ஒரு விருப்ப நெறிமுறை இணைந்திருக்கிறது. அதில் சேர்ந்த நாட்டின் குடிமகன் ஜெனீவாவிலுள்ள மனித உரிமைக் குழுவுக்குப் புகார் அனுப்பலாம். அங்கேயும் முதல் நிபந்தனை, உள்நாட்டு வழிகள் அனைத்தையும் முயன்று பார்த்திருக்க வேண்டும் என்பதே. இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை. ஐரோப்பியருக்கு ஸ்ட்ராஸ்பர்க்கில் ஒரு நீதிமன்றம் உண்டு. அதன் தீர்ப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும். அமெரிக்கக் கண்டத்தில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று. ஆசியாவுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆகவே டெல்லியின் உச்ச நீதிமன்றம் கைவிட்ட இந்தியனுக்கு உலகில் முறையிட வேறு நீதிமன்றம் கிடையாது.

திறந்த கதவும் அடைத்த கதவும்

சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? இலங்கை அந்த நெறிமுறையில் 1997இல் சேர்ந்தது. சட்ட நூல்களில் சிங்கராசா வழக்கு என்று அறியப்படும் வழக்கு அந்த வழியாகத்தான் உலகின் முன் வந்தது.

1993இல் கைது செய்யப்பட்ட ஒரு தமிழர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் தண்டிக்கப்பட்டார். ஐம்பது ஆண்டுச் சிறை. மேல்முறையீட்டில் அது முப்பத்தைந்து ஆண்டானது. அவருக்கு எதிரான சான்று காவலர்கள் வாங்கிய ஒப்புதல் வாக்குமூலம். அவருக்குத் தெரிந்த மொழி தமிழ். வாக்குமூலம் எழுதப்பட்டது சிங்களத்தில். அந்த வாக்குமூலம் வற்புறுத்தி வாங்கப்பட்டது என்பதை நிரூபிக்கும் பொறுப்பையும் சட்டம் அவர் தலையிலேயே சுமத்தியது. 2004இல் மனித உரிமைக் குழு தன் முடிவைச் சொன்னது: நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டிருக்கிறது, விடுதலை அல்லது மறுவிசாரணை போன்ற உரிய பரிகாரம் தர வேண்டும்.

அந்த முடிவை ஏந்திக்கொண்டு அவர் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2006இல் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. நெறிமுறையில் நாட்டைச் சேர்த்த செயலே அரசமைப்புக்கு முரணானது, வெளிநாட்டுக் குழுவுக்கு நீதித்துறை அதிகாரத்தைக் குடியரசுத் தலைவர் அளிக்க முடியாது என்றது. ஜெனீவாவில் வென்ற மனிதர் இலங்கையில் சிறையிலேயே இருந்தார். அளவுகோல் இருந்தது, பரிகாரம் இல்லை.

இதே இலங்கை 1994இல் சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் சேர்ந்து, அதே ஆண்டில் அதற்கென்று தனிச் சட்டமும் இயற்றியது. குறைந்தபட்சம் ஏழாண்டுச் சிறை என்றது அந்தச் சட்டம். ஆனால் காவலரிடம் தந்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் அதன் அருகிலேயே உயிரோடு இருந்தது. ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை பறித்தது. ஏட்டில் உள்ள சட்டத்தை மட்டும் பார்த்து ஒரு நாட்டை எடைபோட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நம் வீழ்ச்சியும் மீட்சியும்

அயல்நாட்டைச் சொல்லும்போது நம் நாட்டின் 1976ஐ மறைக்கக் கூடாது. நெருக்கடி நிலைக் காலம். விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள் அவர்கள் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில், நெருக்கடி நிலை நீடிக்கும்வரை அந்த மனுக்களுக்கு இடமில்லை என்று தீர்ப்பளித்தது. நான்கு நீதிபதிகள் ஒரு பக்கம்; மறுபக்கம் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும். உயிர்வாழும் உரிமை அரசமைப்பு போட்ட பிச்சையன்று, அதற்கு முன்பிருந்தே மனிதனுக்கு உரியது என்பது அவருடைய மாறுபட்ட தீர்ப்பின் சாரம். தலைமை நீதிபதிப் பதவி அவரைத் தாண்டிப் போனது. அவர் பதவி விலகினார்.

அந்தத் தீர்ப்பின் பொருள் என்ன என்பதைச் சென்னை மத்திய சிறை நமக்குச் சொல்லும். மிசா என்னும் தடுப்புக்காவல் சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் அங்கே அடித்து நொறுக்கப்பட்டார்கள். சென்னையின் முன்னாள் மேயரும் நாடாளுமன்ற உறுப்பினருமான சிட்டிபாபு அந்தக் காயங்களிலிருந்து மீளாமல் 1977 ஜனவரியில் இறந்தார். பின்னர் நீதிபதி மு.மு. இஸ்மாயில் தலைமையிலான ஆணையம் அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. மேயராக இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், பெயரறியாத ஒரு கூலித் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பாடத்தை நாடு கற்றது. 1978இல் 44ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. எந்த நெருக்கடியிலும் 20, 21ஆம் உறுப்புகளை நிறுத்திவைக்க முடியாது என்றானது. அடுத்த ஆண்டில் நாம் சேர்ந்த உடன்படிக்கையும் அதையே கேட்கிறது: நாட்டின் உயிருக்கே ஆபத்து வந்தாலும் சில உரிமைகளைத் தொடக் கூடாது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்க உரிமை வழக்கில், ஜபல்பூர் தீர்ப்பை வெளிப்படையாகத் தூக்கி எறிந்தது. தவறைத் திருத்த நாற்பத்தொரு ஆண்டுகள் ஆயின. ஆனால் திருத்தினோம்.

கடிதங்கள் திறந்த வழி

நம் அரசமைப்பின்படி, வெளிநாட்டோடு செய்த ஒப்பந்தம் தானாகவே உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. 253ஆம் உறுப்பின்கீழ் நாடாளுமன்றம் அதற்குச் சட்டம் இயற்ற வேண்டும். இயற்றாதபோது நீதிபதி என்ன செய்ய முடியும்? இந்தக் கேள்விக்கு நம் நீதிமன்றங்கள் கண்ட விடை, உலகச் சட்டத்துக்கு இந்தியா அளித்த நல்ல பங்களிப்புகளில் ஒன்று என்று நான் கருதுகிறேன்.

1980இல் ஒரு கடன் வழக்கு வந்தது. வங்கிக்குப் பணம் கட்ட முடியாதவர்களைச் சிறையில் அடைக்கலாமா? கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாமையை மட்டுமே காரணமாக்கி யாரையும் சிறை வைக்கக் கூடாது என்கிறது குடிமை உரிமை உடன்படிக்கையின் 11ஆம் விதி. உடன்படிக்கை நேரடியாகச் செல்லாது என்பதை நீதிபதி வி.ஆர். கிருஷ்ண ஐயர் ஒப்புக்கொண்டார். ஆனால் நம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவை அந்த விதியின் வெளிச்சத்தில் படித்தார். கையில் பணம் வைத்துக்கொண்டே ஏமாற்றுபவனைச் சிறையிடலாம், வறுமையைச் சிறையிட முடியாது என்று முடித்தார். உலகின் வாசகம் கடன்பட்ட ஏழையின் காவலாக மாறிய விதம் இது.

1983இல் பீகாரிலிருந்து ஒரு வழக்கு. விடுதலை என்று தீர்ப்பான பிறகும் ஒரு மனிதர் பதினான்கு ஆண்டுகள் சிறையிலேயே கிடந்தார். இனிமேல் விடுவித்தால் மட்டும் போதாது, அரசு இழப்பீடும் தர வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைத் தந்த தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட், 1976இல் பெரும்பான்மைப் பக்கம் நின்ற நால்வரில் ஒருவர். நீதிமன்றங்களும் கற்றுக்கொள்கின்றன.

1987 டிசம்பரில் ஒரிசாவில் 22 வயது இளைஞன் ஒருவனைக் காவலர்கள் பிடித்துச் சென்றார்கள். மறுநாள் அவன் உடல் ரயில் பாதையில் கிடந்தது. தப்பி ஓடிவிட்டான் என்றது காவல்துறை. அவனுடைய தாய் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே நீதிமன்றம் பேராணை மனுவாக எடுத்துக்கொண்டது. 1993இல் நீதிபதி ஜே.எஸ். வர்மா அமர்வு அந்தத் தாய்க்கு ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்னும் உடன்படிக்கையின் 9ஆம் விதியைத் துணைக்கு எடுத்துக்கொண்டது.

இங்கே நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. 1979இல் உடன்படிக்கையில் சேர்ந்தபோது, அப்படியோர் இழப்பீட்டு உரிமை இந்தியச் சட்டத்தில் இல்லை என்று நம் அரசு எழுதிக் கொடுத்திருந்தது. அரசு விலக்கிவைத்த உரிமையை நீதிமன்றம் குடிமகனுக்கு மீட்டுத் தந்தது. 1996 டிசம்பரில் வந்த டி.கே. பாசு தீர்ப்பில், அந்த விலக்கு இனிப் பொருளற்றது என்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் கடிதத்தில் பிறந்ததுதான். மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பொன்றின் தலைவராக இருந்த பாசு, லாக்கப் மரணங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை இணைத்து, 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதினார்.

பாசு தீர்ப்பின் பதினோரு கட்டளைகளை நீங்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கைது செய்யும் காவலரின் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பு எழுதி, குடும்பத்தார் ஒருவரோ ஊர்ப் பெரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் போக வேண்டும். உடலில் காயம் இருந்தால் பதிவு செய்ய வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவர் பார்க்க வேண்டும். வழக்கறிஞரைச் சந்திக்கவிட வேண்டும். இவற்றில் பல பின்னர் குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே ஏறின. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் இருக்கின்றன.

இதே வழியில் 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. வேலையிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லைக்கு அன்று சட்டம் இல்லை. பெண்கள் உடன்படிக்கையில் 1993இல் சேர்ந்த நாடு வெறுங்கையோடு நிற்க முடியாது என்று, அதன் வாசகங்களைக் கொண்டே நீதிமன்றம் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆயிற்று. இடைப்பட்ட பதினாறு ஆண்டுகளும் ஐ.நா. வாசகமே இந்தியப் பெண்களுக்குச் சட்டமாக நின்றது.

சாத்தான்குளம் சொல்வது

இத்தனையும் இருந்தும், 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட ஒரு தந்தையும் மகனும் மாண்டார்கள். ஊரடங்கு நேரத்தைத் தாண்டிக் கடையைத் திறந்துவைத்தார்கள் என்று சொல்லி ஜூன் 19 மாலையில் அழைத்துச் செல்லப்பட்டவர்கள், ஜூன் 22 இரவும் 23 காலையும் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். மேல்மடையில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராவிட்டால் பயிர் கருகும். பாரிஸில் தொடங்கி டெல்லி வழியாக ஓடிவந்த உரிமை சாத்தான்குளத்துக்கு வந்து சேரவில்லை.

எங்கெங்கே அடைத்துக்கொண்டது என்று பாருங்கள். கைதானவரின் உடலைக் காட்ட வேண்டிய இடங்கள் இரண்டு: ஒன்று மருத்துவர், இன்னொன்று நீதித்துறை நடுவர். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்பின் 22ஆம் உறுப்பு கட்டளையிடுவது ரிமாண்ட் தாளில் முத்திரை குத்துவதற்காக அன்று. அடித்தார்களா என்று கேட்பதற்காக, உடலைக் கண்ணால் பார்ப்பதற்காக. காவலுக்கும் சிறைக்கும் நடுவே குடிமகனுக்குக் கிடைக்கும் ஒரே மூச்சு இடைவெளி அது. அந்த இரண்டு இடங்களும் அங்கே அவர்களைக் காக்கவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்பிக்கையும் அதிலிருந்துதான் பிறக்கிறது. இதே மதுரையிலுள்ள உயர் நீதிமன்றக் கிளை வழக்கைத் தானாக முன்வந்து எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் காவல் நிலையத்துக்கே சென்று விசாரித்தார். அங்கே தமக்குக் கிடைத்த அவமதிப்பையும் மீறி உண்மையைப் பதிவு செய்தார். அந்த நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் இரவில் தாம் கண்டதை வாக்குமூலமாகச் சொன்னார். கேமராப் பதிவுகள் நாள்தோறும் தாமாகவே அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததையும் நடுவரின் விசாரணை வெளிக்கொணர்ந்தது. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, கொலைக் குற்றச்சாட்டு பதிவானது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், காவல் நிலையத்தின் ஒவ்வொரு பகுதியிலும் ஒலிப்பதிவோடு கூடிய கேமரா வேண்டும், பதிவுகளைக் குறைந்தது ஓராண்டாவது பாதுகாக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

அந்தப் பெண் காவலர் வாய் திறந்திராவிட்டால்? அந்த நடுவர் பயந்து திரும்பியிருந்தால்? சட்டத்தின் பெரிய கட்டடம் முழுதும் அந்த நேரத்தில் இரண்டு மனிதர்களின் முதுகெலும்பில் நின்றது. இப்படி ஒவ்வொரு முறையும் தனிமனிதரின் துணிச்சலை நம்பி ஒரு நாடு இருக்கக் கூடாது. 2025 ஜூனில் மடப்புரத்தில் கோயில் காவலாளி ஒருவர் காவல்துறை விசாரணையில் உயிரிழந்தபோது, நாம் இன்னும் அங்கேயே நிற்கிறோம் என்பது தெரிந்தது.

ஆணையங்களின் பல்

உலகத்தையும் உள்நாட்டையும் இணைக்கும் பாலமாக நினைத்து உருவாக்கப்பட்டவை மனித உரிமை ஆணையங்கள். இவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1991இல் பாரிஸில் வகுத்து, 1993இல் ஐ.நா. பொதுச் சபை ஏற்ற நெறிகள் உள்ளன. அரசின் பிடிக்குள் இல்லாத சுதந்திரம், சமூகத்தின் பல தரப்புக்கும் இடம் என்பவை அவற்றில் தலையாயவை. இந்தியாவில் 1993 அக்டோபரில் தேசிய ஆணையமும், தமிழகத்தில் 1997இல் மாநில ஆணையமும் செயலுக்கு வந்தன. காவலில் மரணம் நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் தனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தேசிய ஆணையம் தொடக்கத்திலேயே கட்டளையிட்டது. காவல் மரணங்களின் கணக்கு நாட்டுக்குத் தெரியத் தொடங்கியதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் ஆணையத்தின் கையில் இருப்பது பரிந்துரை. நிகழ்ந்து ஓராண்டு கடந்த மீறலை அது விசாரிக்க முடியாது. ஆயுதப் படைகள் மீதான புகாரில் மத்திய அரசிடம் அறிக்கை கேட்டுப் பெறலாம். நேரே புகுந்து விசாரிக்க முடியாது. காவல்துறையின் மீதான புகாரை ஆராயக் காவல்துறையிலிருந்தே அதிகாரிகளை அழைத்துவர வேண்டியிருக்கிறது. தேசிய ஆணையங்களின் உலகக் கூட்டமைப்பு நம் ஆணையத்தின் உயர்தரச் சான்றைப் புதுப்பிப்பதை 2023இலும் 2024இலும் தள்ளிவைத்தது. காவல்துறையினரை விசாரணையில் ஈடுபடுத்துவது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இந்தியரான நமக்கு இது வருத்தம் தர வேண்டும். திருத்திக்கொள்ளவும் தூண்ட வேண்டும்.

இதிலும் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு முன்னடி எடுத்து வைத்தது. ஆணையத்தின் பரிந்துரை வெறும் ஆலோசனை அன்று, அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021இல் அதன் முழு அமர்வு தீர்ப்பளித்தது. பரிந்துரைகளைக் கோப்பில் உறங்கவிடும் வழக்கத்துக்கு எதிராக வழக்கறிஞர் கையில் இருக்கும் நல்ல ஆயுதம் இது. ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு மாவட்டந்தோறும் மனித உரிமை நீதிமன்றத்துக்கு இடம் தருகிறது. எந்தக் குற்றத்தை, எந்த நடைமுறையில் அது விசாரிக்கும் என்பதைச் சட்டம் தெளிவாகச் சொல்லாததால் அந்த வாக்குறுதி இன்னும் முழு உருப் பெறவில்லை.

நிறைவேறாத கையெழுத்து

இப்போது என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1984 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்டது. 170க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் முறைப்படி சேர்ந்துவிட்டன. தெற்காசியாவில் நேபாளம், இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு, பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் எல்லாம் சேர்ந்துவிட்டன. இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்திட்டது. கையெழுத்து என்பது எண்ணத்தின் அறிவிப்பு. ஏற்புறுதி அளித்தால்தான் அது கடமையாகும். அந்த ஏற்புறுதியை இன்றுவரை நாம் அளிக்கவில்லை.

முயற்சியே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2010இல் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவை அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியது. பிறகு அது காலாவதி ஆனது. 2017இல் சட்ட ஆணையம் தன் 273ஆவது அறிக்கையில், உடன்படிக்கைக்கு ஏற்புறுதி அளிக்கும்படி சொல்லி, மசோதாவையும் எழுதியே கொடுத்தது. 2019இல் உச்ச நீதிமன்றம், சட்டம் இயற்றும்படி நாடாளுமன்றத்துக்கு நாங்கள் கட்டளையிட முடியாது என்று ஒதுங்கிக்கொண்டது. ஜெனீவாச் சுற்றுகளில் பல நாடுகள் இதையே திரும்பத் திரும்பக் கேட்டன.

இருக்கிற தண்டனைச் சட்டம் போதாதா என்று கேட்பார்கள். ஒப்புதல் வாங்குவதற்காகக் காயப்படுத்துவது குற்றம் என்று அதில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் உடலில் காயம் தெரியாமல் செய்யும் கொடுமைகள் எத்தனை? தூங்கவிடாமல் வைப்பது, மிரட்டுவது, மகனின் கண்முன்னே தாயை அவமதிப்பது. உடன்படிக்கை மன வேதனையையும் சித்திரவதை என்கிறது. அடுத்து, நான்கு சுவருக்குள் நடந்ததற்கு யார் சாட்சி? காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால், காவலில் வைத்திருந்தவரே அதற்குக் காரணம் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்றொரு திருத்தத்தை 1985இலேயே சட்ட ஆணையம் பரிந்துரைத்தது. அது இன்னும் சட்டமாகவில்லை. மூன்றாவதாக, பணிக்கடமையின்போது செய்த செயல் என்று காரணம் காட்டி, அரசின் முன் அனுமதி இல்லாமல் வழக்கு நடத்தக் கூடாது என்ற வாதம் ஒவ்வொரு வழக்கிலும் குறுக்கே நிற்கிறது. அடித்துக் கொல்வது யாருடைய பணிக்கடமை?

இன்னொரு வாதம், சித்திரவதைச் சட்டம் வந்தால் குற்றவாளிகள் தப்பிவிடுவார்கள் என்பது. நடந்திருப்பது இதற்கு நேர்மாறு. 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்கள் கொட்டப்பட்டன. அந்த வழக்கில் தேடப்பட்ட டென்மார்க் நாட்டவர் கிம் டேவியை ஒப்படைக்கும்படி இந்தியா கேட்டது. டென்மார்க் அரசு இசைந்தது. அந்நாட்டு உயர் நீதிமன்றம் 2011இல் மறுத்துவிட்டது. இந்தியக் காவலில் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்றது. 2024இல் இன்னொரு முறை முயன்றபோதும் மறுப்பே கிடைத்தது. நாட்டுக்குள் ஆயுதம் கொட்டிய வழக்கில் நாம் தேடும் ஒருவர் இன்றுவரை நம் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. அவரைக் காத்தது நம் லாக்கப்பின் பெயர். சித்திரவதையை ஒழிப்பது குற்றவாளிக்குக் காட்டும் சலுகை அன்று; நாட்டின் நீதிக்கு நாம் தேடித்தரும் மதிப்பு.

உங்கள் கையில்

மாணவ நண்பர்களே, நாளை நீங்கள் வழக்கறிஞராகவும் அரசு வழக்கறிஞராகவும் நடுவராகவும் ஆவீர்கள். உங்களிடம் சில வேண்டுகோள்கள் வைக்கிறேன்.

வழக்கறிஞராகிறவர்கள், கைதான செய்தி வந்த இரவிலேயே காவல் நிலையத்துக்குப் போங்கள். கைதுக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கைதானவருக்குச் செலவு செய்ய வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற எண்ணில் அழைக்கும்படி குடும்பத்தாருக்குச் சொல்லுங்கள். கேமராப் பதிவைப் பாதுகாக்கும்படி முதல் நாளே எழுத்தில் மனு கொடுங்கள். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் அது இருக்குமா என்பது தெரியாது. மனித உரிமை ஆணையத்தின் ஓராண்டு எல்லையை மறக்காதீர்கள். மனு எழுதும்போது 21ஆம் உறுப்போடு நிறுத்தாமல், நாம் சேர்ந்துள்ள உடன்படிக்கையின் விதியையும் எடுத்து வையுங்கள். கிருஷ்ண ஐயரும் வர்மாவும் வழி போட்டுத் தந்திருக்கிறார்கள். நடக்க வேண்டியவர்கள் நீங்கள்.

நடுவராகிறவர்கள், உங்கள் முன் நிறுத்தப்படும் மனிதனைத் தாளில் பார்க்காதீர்கள், நேரில் பாருங்கள். காவலரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, "உன்னை யாராவது அடித்தார்களா அப்பா?" என்று கேளுங்கள். சட்டையைக் கழற்றச் சொல்லத் தயங்காதீர்கள். அந்த ஒரு நிமிடக் கேள்வியில் இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கக்கூடும் என்பதை நம் மண் கண்டிருக்கிறது.

காவல் பணிக்குப் போகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். லத்தியால் வாங்கிய வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. உண்மைக் குற்றவாளி வெளியே உலவ, நிரபராதி உள்ளே போவதற்கே அது உதவும். சாட்சியமும் தடயமும் தேடித் துப்பறிகிற காவலருக்கு இந்த உரிமைகள் எதுவும் தடையல்ல.

நாம் எல்லோரும் சேர்ந்து செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் உங்கள் தொகுதிக்கு வாக்குக் கேட்டு வருகிறவரிடம், எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 1997இல் இந்தியா போட்ட கையெழுத்தை நிறைவேற்ற நாடாளுமன்றத்தில் பேசுவீர்களா? பேசுவேன் என்று சொன்னால் எழுதி வாங்குங்கள். வென்று போன பின்பு கடிதம் எழுதி நினைவூட்டுங்கள். மகனை இழந்த ஒரிசாத் தாயின் கடிதம் இந்த நாட்டில் இழப்பீட்டுச் சட்டத்தையே மாற்றியது. சித்திரவதைத் தடுப்புச் சட்டம் ஒன்று இந்த நாட்டுக்கு வேண்டும், ஐ.நா. உடன்படிக்கைக்கு ஏற்புறுதி வேண்டும், பரிந்துரையைச் செயலாக்கும் வலுவுள்ள ஆணையங்கள் வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறும்வரை நாம் ஓயக் கூடாது.